சிங்கப்பூரில் புதிதாகத் திறந்த ஜப்பானிய சாண்டோ கஃபேக்கு முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ அண்மையில் வந்த தமிழர்கள், இங்கே மூலைக்கு மூலை திறக்கப்படும் ஜப்பானிய பாணி சாண்ட்விச் (சாண்டோ) கஃபேக்களுக்கு முதன்முறை போகும்போது இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். பட்டியலில் உள்ள பெயரை வைத்து ரொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிவதில்லை. பட்டியலில் உள்ள விலையை வைத்து ரசீதில் எவ்வளவு வரும் என்றும் கணிக்க முடிவதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம், ஒருவர் முட்டை வரை சாப்பிடுவார், மற்றவர்கள் மாட்டிறைச்சி தவிர எதையும் சாப்பிடுவோம். இப்படிப்பட்ட கூட்டத்தை அழைத்துக்கொண்டு இந்தக் கடைகளுக்குப் போய், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். சாப்பாடு நன்றாகவே இருக்கும். போவதற்கு முன்பு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் நிம்மதியாகவும் இருக்கும்.

1. கடை இன்று திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

புதிய கஃபேக்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களை வெள்ளோட்டமாகவே நடத்துகின்றன. அந்தக் காலத்தில் திறக்கும் நேரம் குறைவாக இருக்கும், பட்டியலில் பாதி உணவுகளே கிடைக்கும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் மூடியும் இருப்பார்கள். கூகல் வரைபடத்தில் காட்டப்படும் நேரத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. கடையின் இன்ஸ்டகிராம் பக்கத்தில் அன்று காலை போட்ட பதிவைப் பார்ப்பதே சரியான வழி, ஏனென்றால் விடுமுறை அறிவிப்பும் "இன்றைக்கு ரொட்டி தீர்ந்துவிட்டது" என்ற அறிவிப்பும் அங்கேதான் முதலில் வரும்.

வாரத்தில் ஒரு நாள் மூடுவது இங்கே வழக்கம். பல கஃபேக்களுக்கு அது திங்களாகவோ செவ்வாயாகவோ இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாளும் புத்தாண்டின் முதல் இரண்டு நாள்களும் அக்கம்பக்கத்துக் கடைகள் பலவும் மூடியிருக்கும் என்பதால், ஊரிலிருந்து வந்த உறவினர்களை அந்த நாள்களில் அழைத்துப்போகத் திட்டமிட வேண்டாம்.

கடை மூடும் நேரம் வேறு, கடைசி ஆர்டர் எடுக்கும் நேரம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து மணிக்கு மூடும் கடை நாலரை மணிக்கே அடுப்பை அணைத்துவிடக்கூடும். அதற்கும் முன்பே ரொட்டி தீர்ந்துவிடுவதும் உண்டு. சாண்டோவுக்கான ஷொக்குபான் எனப்படும் பால் ரொட்டி அன்றன்று சுடப்படுவது; தீர்ந்தால் கடையில் உடனே வேறொன்று சுட்டுத் தர முடியாது.

2. இடத்தைப் பொறுத்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

தஞ்சோங் பகார், தெலுக் ஆயர் போன்ற அலுவலக வட்டாரங்களில் இருக்கும் கடை என்றால் வார நாள்களில் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை போகவே வேண்டாம். அலுவலக ஊழியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி வருவார்கள். பதினோரு மணிக்கோ இரண்டரை மணிக்கோ போனால் இடமும் கிடைக்கும், ஊழியர்களிடம் நின்று கேள்வி கேட்கவும் முடியும். இந்த வட்டாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மூடும் கடைகளும் இருக்கின்றன.

தியோங் பாரு, ஜூ சியாட் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் நிலைமை தலைகீழ். அங்கே வார நாள்களில் அமைதியாக இருக்கும். சனி, ஞாயிறுகளில் காலை பத்தரை மணிக்கே குடும்பங்கள் வரிசைகட்டி நிற்கும். ஜூ சியாட்டுக்கு முன்பெல்லாம் பேருந்தை நம்பியே போக வேண்டியிருந்தது. 2024 ஜூன் மாதம் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் தடத்தில் மரீன் பரேட் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

பழைய கடைவீடுகளில் இயங்கும் கஃபேக்களில் இடம் மிகவும் குறுகலாக இருக்கும், சில கடைகள் செங்குத்தான படிகளுக்கு மேல் இருக்கும். குழந்தைத் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ கொண்டு போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். வயதானவர்களை அழைத்துப்போவதாக இருந்தால் கடைத்தொகுதிக்குள் இருக்கும் கடையே நல்லது.

3. முன்பதிவு செய்யும்போது நிபந்தனைகளைப் படியுங்கள்

பல கடைகள் முன்பதிவே எடுப்பதில்லை. வாசலில் உள்ள கியூஆர் குறியீட்டில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பதிந்தால், முறை வரும்போது குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப் செய்தியோ வரும். இதற்கு உள்ளூர் எண் கேட்கும் கடைகள் இருக்கின்றன என்பதால், சிம் அட்டை வாங்காதவர்கள் நேரே ஊழியரிடம் பெயர் கொடுக்க வேண்டும். செய்தி வந்த பிறகு சில நிமிடங்களுக்குள் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெகுதூரம் போய்விடாதீர்கள்.

முன்பதிவு எடுக்கும் கடைகளில் கடன் அட்டை எண்ணைக் கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை நிறுத்தி வைப்பதுண்டு. வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ அந்தத் தொகை போய்விடும். ஆறு பேருக்குப் பதிந்துவிட்டு நான்கு பேராகப் போனாலும் மீதி இருவருக்குப் பிடித்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன. மேசைக்கு ஒன்றரை மணி நேரம் என்ற வரம்பும் சாதாரணமாகக் காணப்படுவதே. இவையெல்லாம் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலின் அடியில் இருக்கும். அந்த மின்னஞ்சலைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

4. பட்டியலில் உள்ள பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாண்டோ என்பது ஓரம் நீக்கிய பால் ரொட்டியின் இரண்டு தடித்த துண்டுகளுக்கு நடுவே உள்ளீட்டை வைத்து, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி தட்டில் நிறுத்தித் தரப்படுவது. உள்ளே இருப்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

தமாகோ சாண்டோ என்றால் முட்டை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேகவைத்த முட்டையை மயோனைஸில் மசித்து வைப்பது. மற்றொன்று, கெட்டியான முட்டை ஆம்லெட்டைச் செங்கல்போல அடுக்கி வைப்பது. இரண்டாவது வகையில் தஷி எனப்படும் சாற்றைச் சேர்ப்பார்கள், அது பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு. முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்காமல் ஆர்டர் செய்யக் கூடாது. முதல் வகையிலும் நடுவில் அரைவேக்காட்டு முட்டையைப் பாதியாக வெட்டி வைக்கும் கடைகள் பல. வெட்டிய பக்கத்தில் மஞ்சள் கரு தேன்போல் வழிந்து நிற்பது பார்க்க அழகுதான், ஆனால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்த்து, முழுதாக வெந்த முட்டை வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும்.

கட்சு சாண்டோ என்றால் பான்கோ ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சித் துண்டு. எந்த இறைச்சி என்று குறிப்பிடப்படாவிட்டால் அது பன்றி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோழி என்றால் 'சிக்கன் கட்சு' என்றும், இறால் என்றால் 'எபி கட்சு' என்றும், மாடு என்றால் 'கியூ கட்சு' அல்லது 'வாக்யூ' என்றும் போட்டிருப்பார்கள். மென்ச்சி கட்சு என்பது கொத்திய இறைச்சி. அதில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தே இருக்கும். 'ரோசு', 'ஹிரே' என்ற சொற்களைக் கண்டால் அவை இறைச்சியின் எந்தப் பகுதி என்பதைக் குறிக்கின்றன. முன்னதில் கொழுப்பு ஓரம் இருக்கும், பின்னது கொழுப்பில்லாத மென்மையான பகுதி.

கொரொக்கே என்பதில்தான் சைவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். படத்தில் மசித்த உருளைக்கிழங்கு தெரியும், விளக்கத்திலும் உருளைக்கிழங்கு என்றே இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை அந்தப் படத்தைப் பார்த்ததும், "நம்ம உருளைக்கிழங்கு போண்டா மாதிரிதானே மாப்ளே, எனக்கு இதுவே போதும்" என்றார். நான் பணிப்பெண்ணிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் ஊகித்துச் சொல்லாமல் சமையலறைக்குள் போய், உறைபதனப் பெட்டியிலிருந்து பொட்டலத்தையே எடுத்து வந்து திருப்பிக் காட்டினார். பனி படர்ந்திருந்த அந்த உறையை விரலால் துடைத்துப் பார்த்தபோது, உள்ளடக்கப் பட்டியலின் நான்காவது வரியில் மாட்டிறைச்சி என்று பொடி எழுத்தில் இருந்தது. கொரொக்கேயில் சிறிது கொத்திறைச்சி சேர்ப்பது ஜப்பானில் மிகச் சாதாரணமான வழக்கம். கடை யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பெண் செய்ததைப் போல, தெரியாவிட்டால் போய்ப் பார்த்துச் சொல்லும் ஊழியர்கள் உள்ள கடைக்கு நான் தயங்காமல் மறுபடியும் போவேன்.

பழ சாண்டோ என்றால் ஸ்ட்ராபெரி, மாம்பழம், கிவி போன்ற பழங்களை அடித்த பாலாடைக்குள் பதித்து வைத்தது. முட்டையும் வேண்டாத சைவர்களுக்குப் பெரும்பாலான கடைகளில் மிஞ்சுவது இதுதான். இதிலும் பாலாடை உருகாமல் நிற்க ஜெலட்டின் சேர்க்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இனி, சிங்கப்பூருக்கே உரிய கலப்பு வகைகள். சம்பால் (மிளகாய் விழுது), ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த இறைச்சி), மிளகாய் நண்டு, ஒத்தா (இலையில் சுட்ட மசாலா மீன் விழுது), கயா என்று உள்ளூர்ச் சுவைகளைப் பால் ரொட்டிக்குள் கொண்டுவருவதில் இங்குள்ள சமையல்காரர்களுக்கு நல்ல கைப்பழக்கம் இருக்கிறது. இந்தக் கடைகளுக்குப் போவதற்கே அதுதான் காரணம் என்பேன். கயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டியது. உப்பு வெண்ணெயுடன் அதைப் பால் ரொட்டியில் வைத்துத் தரும் கடை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மற்றவற்றில் கவனம் வேண்டும். சம்பாலில் பெலாச்சான் எனப்படும் இறால் விழுது இருக்கும். மென்டைக்கோ என்றால் மீன் சினை. ஃபுரிகாக்கே என்று மேலே தூவப்படுவதில் மீன் துகள் இருப்பது வழக்கம். கிம்ச்சி கலந்த வகைகளில் மீன் சாறோ இறாலோ இருக்கக்கூடும். ஜப்பானியக் கறிக் குழம்பு ஊற்றித் தரும் கட்சு என்றால், அந்தக் குழம்புக்கான கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்த வகைகள் உண்டு. எனவே கோழிக் கட்சு என்று ஆர்டர் செய்தாலும் குழம்பைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

5. உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இப்படிக் கேளுங்கள்

"இது வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. அந்தச் சொல்லை இறைச்சித் துண்டு இல்லாத உணவு என்று புரிந்துகொண்டு, மீன் சாற்றையும் முட்டையையும் கணக்கில் எடுக்காமல் "ஆமாம்" என்று நல்லெண்ணத்துடனே சொல்லிவிடுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முட்டை இருக்கிறதா, மீன் சாறு இருக்கிறதா, இறால் விழுது இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்டால் தெளிவான பதில் வரும்.

காய்கறி, காளான், தோஃபு கட்சு என்று பட்டியலில் இருந்தாலும், பான்கோ தூள் ஒட்டுவதற்கு முட்டைக் கலவையில் முக்கியிருப்பார்கள். பொரிக்கும் எண்ணெயும் இறைச்சிக்கும் இதற்கும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சின்னக் கடையில் இரண்டு எண்ணெய்ச் சட்டிகளுக்கு இடமே இருக்காது. இதைப் பொருட்படுத்துகிறவர்கள் பொரித்த வகைகளை முழுமையாகத் தவிர்ப்பதே வழி. மயோனைஸில் முட்டை இருக்கும் என்பதும், கட்சுவின் மேல் ஊற்றும் பழுப்பு நிறச் சாஸில் சில வகைகளில் மீன் இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஹலால் உணவு மட்டும் சாப்பிடுகிறவர்கள் கடையில் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழில் கடையின் முகவரியும் காலாவதித் தேதியும் இருக்கும், இரண்டையும் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கிளைகள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் இருக்கலாம். "பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று எழுதி வைத்திருப்பது ஹலால் சான்றிதழுக்கு ஈடாகாது, ஏனென்றால் அத்தகைய கடைகளில் கோழி எங்கிருந்து வருகிறது என்பதும், தெரியாக்கி சாஸில் மிரின், சாக்கே போன்ற மதுவகைகள் சேருகின்றனவா என்பதும் திறந்த கேள்விகளே. புதிதாகத் திறந்த கடைக்குச் சான்றிதழ் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கலாம். அதை ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோதுமை, பால், முட்டை, எள், சோயா, இறால், நண்டு ஆகியவை இந்தச் சமையலறைகளில் எங்கும் இருக்கும். கியூஆர் வழியாக ஆர்டர் செய்யும்போது குறிப்புப் பெட்டியில் எழுதுவதோடு நிறுத்தாமல், ஊழியரை அழைத்து வாயாலும் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அந்தக் குறிப்பு கண்ணில் படாமல் போய்விடும்.

6. ரசீதில் வரப்போகும் தொகையை முன்பே கணக்கிடுங்கள்

இந்தக் கடைகளில் முட்டை சாண்டோ பொதுவாகப் பத்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டியும், கோழி, பன்றிக் கட்சு வகைகள் பதினைந்து முதல் இருபது வெள்ளி அளவிலும், காப்பி ஐந்து முதல் எட்டு வெள்ளி வரையிலும் இருக்கும். வாக்யூ என்று போட்டிருந்தால் விலை ஒரே தாவாகத் தாவும். முப்பது வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். உணவங்காடி நிலையத்தில் ஒரு குடும்பம் வயிறாரச் சாப்பிடும் தொகைக்கு இங்கே இருவர் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

விலைக்குப் பக்கத்தில் '++' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் கூட்டல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது பொருள் சேவை வரி, அது 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வரி, உணவின் விலைக்கு மட்டுமின்றிச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குப் போடப்படுகிறது. ஆகவே கூடுதல் 19 விழுக்காட்டோடு நிற்பதில்லை; 19.9 விழுக்காடு. பட்டியல் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. 18 வெள்ளிக்கு ஒரு கட்சு சாண்டோ, 12 வெள்ளிக்கு ஒரு முட்டை சாண்டோ, 6.50 வெள்ளி வீதம் இரண்டு காப்பி என்றால் பட்டியல்படி 43 வெள்ளி. சேவைக் கட்டணம் 4.30 வெள்ளி சேர்ந்து 47.30. அதன்மேல் வரி 4.26 வெள்ளி. கடைசியில் நீங்கள் கொடுப்பது 51.56 வெள்ளி. மாணவர்கள் நான்கு பேர் காசைப் பகிர்ந்துகொள்ளும்போது இந்த வித்தியாசம் சிறியதாக இருக்காது.

குறி எதுவும் இல்லாத கடையில் என்ன செய்வது? சேவைக் கட்டணம் வசூலிக்காத கடை, வரியையும் உள்ளடக்கிய விலையைத்தான் பட்டியலில் காட்ட வேண்டும் என்பது இங்குள்ள விதி. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும்தான் அதில் விலக்கு. இன்னொன்று, ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறிய கடை இந்த வரிக்குப் பதிவுசெய்துகொள்ளக் கட்டாயமில்லை. பதிவு செய்யாத கடை வரி வசூலிக்கவும் கூடாது. வரி போட்டிருந்தால் ரசீதில் வரிப் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும். அலுவலகச் செலவாகக் கணக்குக் காட்டப்போகிறவர்கள் பதிவு எண்ணுள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அட்டை இயந்திரம் தரும் துண்டுச் சீட்டு போதாது.

தண்ணீருக்கும் சில கடைகளில் காசு உண்டு. மேசையில் வைத்திருக்கும் ஈரத் துடைப்பானுக்கும் கட்டணம் போடும் கடைகள் இருக்கின்றன, வேண்டாவிட்டால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். ரொட்டியைக் கூடுதலாக வாட்டித் தருவது, சாஸ் கூடுதலாகக் கேட்பது, காப்பிக்கு ஓட் பால் மாற்றுவது ஆகியவை தனித்தனிச் செலவுகள். தனியாக டிப்ஸ் வைக்கும் வழக்கம் சிங்கப்பூரில் இல்லை, வைக்காததை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

திறப்பு விழாச் சலுகைகளில் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்பது மிகவும் பரவலானது. அதில் விலை குறைந்ததுதான் இலவசமாகும். வார நாள், குறிப்பிட்ட மணி நேரம், கடைக்குள் சாப்பிடுவது என்று நிபந்தனைகள் இருக்கும். இலவசமாகக் கிடைத்த உணவின் முழு விலைக்கும் சேவைக் கட்டணம் கணக்கிடும் கடைகளும் உண்டு. நான் போன ஒரு கடையில் அப்படித்தான் ரசீது வந்தது. கேட்டபோது நிபந்தனைப் பட்டியலின் கடைசி வரியைக் காட்டினார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

7. கையில் என்ன கொண்டுபோக வேண்டும்

முதலில், பணம் செலுத்தும் வழி. ரொக்கம் வாங்காத கஃபேக்கள் பெருகிவிட்டன; முன்கூட்டியே அறிவிப்பு வைத்துவிட்டால் கடை ரொக்கத்தை மறுக்கலாம். வாசலிலோ கல்லாவிலோ அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேநவ் எனப்படும் உள்ளூர் மின்பணப் பரிமாற்ற முறை வழியாகச் செலுத்தப் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால், வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து கணக்குத் திறக்கும் வரை அதை நம்ப முடியாது. இந்தியாவின் யுபிஐயும் பேநவ்வும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டன என்றாலும், அது தனிமனிதர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்புவதற்கான ஏற்பாடு. அதை நம்பிக் கல்லா முன் நிற்க வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டையைத் தட்டியதும் "இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் வெள்ளியிலா?" என்று இயந்திரம் கேட்டால் வெள்ளியையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அங்கேயே போடப்படும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

அரசாங்கம் சிங்கப்பூர்க் குடிமக்களின் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் புதியவர்களுக்குக் கிடையாது. ஆனால் சிங்கப்பூர்க் குடும்பத்தினருடன் போகிறீர்கள் என்றால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடைவரிசைகளில் உள்ள சில கஃபேக்கள் அவற்றை ஏற்பதைக் கதவில் உள்ள ஒட்டுவில்லையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அடையாள ஆவணம் இரண்டு சந்தர்ப்பங்களில் தேவைப்படும். மதுபானம் ஆர்டர் செய்தால் 18 வயது நிரம்பியதைக் காட்ட வேண்டும், யூசு எனும் ஜப்பானிய எலுமிச்சை வகை கலந்த பானங்களில் மது சேர்ந்தவையும் உண்டு. மாணவர் சலுகை, பிறந்தநாள் சலுகை கேட்டால் மாணவர் அட்டையோ கடப்பிதழோ வேலை அனுமதி அட்டையோ அசலாகக் காட்டச் சொல்வார்கள். கைப்பேசியில் இணையத் தரவும் மின்னேற்றமும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பட்டியலே கியூஆரில்தான் இருக்கும்.

8. உள்ளே போனதும்

உணவங்காடி நிலையத்தில் கைத்துடைத்தாள் பொட்டலத்தை மேசையில் வைத்து இடம் பிடிப்பார்கள். கஃபேயில் அதைச் செய்யாதீர்கள். வாசலில் நின்று, ஊழியர் காட்டும் இடத்தில் அமர வேண்டும். மேசையிலிருந்து ஆர்டர் செய்து கடைசியில் பணம் கொடுக்கும் கடைகளும், கல்லாவில் முதலில் பணம் கொடுத்து எண் பலகை வாங்கிக்கொண்டு அமரும் கடைகளும் உண்டு. கியூஆரில் ஆர்டரை அனுப்புவதற்கு முன் மேசை எண்ணைச் சரிபாருங்கள். பக்கத்து மேசையின் குறியீட்டை எடுத்துவிட்டால் உங்கள் உணவு அங்கே போய்விடும்.

அளவு சிறியது. ஒரு சாண்டோவை இரண்டு அல்லது மூன்று துண்டுகளாக வெட்டித் தருவார்கள். பசியோடு போகிற ஒருவருக்கு முட்டை சாண்டோ மட்டும் போதாது. இருவர் போனால் ஒரு கட்சுவும் ஒரு முட்டையும் வாங்கிப் பாதி பாதியாக மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு.

9. சாப்பிடும்போது

கையால் எடுத்துச் சாப்பிடுவதே முறை; கத்தியும் முள்கரண்டியும் போட்டால் ரொட்டி நசுங்கி உள்ளீடு வெளியே தள்ளிவிடும். கட்சு வந்ததும் சாப்பிடத் தொடங்கிவிடுங்கள். ரொட்டியின் ஈரமும் சாஸும் சேர்ந்து, மொறுமொறுப்பான மேல்தூளைப் பத்து நிமிடத்தில் நமத்துப்போகச் செய்துவிடும். வெட்டிய பக்கத்தைப் பார்த்தாலே சமையலின் தரம் தெரியும். கட்சுவுக்கும் ரொட்டிக்கும் இடையே சாஸ் மெல்லிய கோடாக நிற்க வேண்டும், ரொட்டிக்குள் ஊறிப் பழுப்பாகப் பரவியிருந்தால் அது செய்து வைத்து நேரமாகிவிட்டது என்று பொருள். பால் ரொட்டியை விரலால் மெல்ல அழுத்திவிட்டு விட்டால் உடனே எழும்பி வர வேண்டும். அழுத்திய தடம் அப்படியே நின்றால் அது நேற்றைய ரொட்டி.

10. பொட்டலம் வாங்கிப் போகிறவர்களுக்கு

பொட்டலத்துக்குப் பெரும்பாலும் சேவைக் கட்டணம் இல்லை, வரி மட்டும் உண்டு. பெட்டிக்கு முப்பது, ஐம்பது காசு வாங்குவார்கள். உணவு விநியோகச் செயலிகளில் இதே சாண்டோவுக்கு விலையே கூடுதலாக இருக்கும் என்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் போய் வாங்குவது லாபம்.

கட்சுவுக்குச் சாஸைத் தனியாகக் கேளுங்கள். பழ சாண்டோவை இந்த ஊர் வெயிலில் அரை மணி நேரத்துக்குமேல் கையில் வைத்திருக்க முடியாது. பனிக்கட்டிப் பொதி தருவார்களா என்று கேட்டு, வீட்டுக்குப் போனதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முட்டை, மயோனைஸ் வகைகளை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்துச் சாப்பிட வேண்டாம்.

எம்ஆர்டி ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ அனுமதி கிடையாது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காப்பிக் கோப்பையில் ஒரு வாய் உறிஞ்சினாலும் அதே விதிதான். பசித்தால் நிலையத்துக்கு வெளியே ஓர் இருக்கையில் அமர்ந்து முடித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.